'பேண்டிட் குயின்' படமும் சீமா பிஸ்வாஸின் நடிப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேகர் கபூர் இயக்கி, கொள்ளைக்காரி பூலான் தேவியாக சீமா பிஸ்வாஸ் நடித்த 'பேண்டிட் குயின்' படத்தைப் பார்த்தவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு சண்டையில்தான் முடியும். ஒருவர் "இந்தியாவில் இப்படி ஒரு நடிப்பு வந்ததே இல்லை" என்பார். இன்னொருவர் "உயிரோடு இருந்த ஒரு பெண்ணை அவள் சம்மதம் இல்லாமல் மறுபடியும் அவமானப்படுத்திய படம்" என்பார். இரண்டு பேச்சிலும் நியாயம் இருக்கிறது என்பதுதான் சிக்கலே. பல வருடங்களாக இந்தப் படத்தைப் பற்றி நண்பர்களோடு பேசியும் வாதாடியும் வந்ததில், திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். படத்தில் பாலியல் வன்முறை இருப்பதால் பதில்களிலும் அது வரும்.

படம் எதைப் பற்றியது?

உத்தரப் பிரதேசத்தின் ஜாலோன் மாவட்டத்தில் ஒரு சிறிய கிராமத்தில், படகோட்டிகளான மல்லா சாதியில் 1963ல் பிறந்தவர் பூலான் தேவி. பதினொரு வயதில் கல்யாணம். படத்தில் அந்தக் கல்யாணம் ஒரு பசுவுக்கும் ஒரு சைக்கிளுக்கும் நடக்கிற பேரமாக வருகிறது. கணவனிடமிருந்து தப்பி வந்தவளை ஊர் சேர்த்துக்கொள்ளவில்லை. பிறகு சம்பல் பள்ளத்தாக்குக் கொள்ளைக் கூட்டத்திடம் சிக்கி, அதில் ஒருத்தியாகி, தலைவியாகவும் ஆகிறார். அவரைக் காத்து நின்ற விக்ரம் மல்லாவைக் கூட்டத்தில் இருந்த, மேல்சாதியான தாக்கூர் சகோதரர்கள் கொன்றுவிடுகிறார்கள். அதன் பிறகு பெஹ்மாய் கிராமத்தில் பூலானை அடைத்து வைத்துச் சித்திரவதை செய்கிறார்கள். 1981 பிப்ரவரி 14 அன்று அதே பெஹ்மாயில் பூலானின் கூட்டம் 20 ஆண்களைச் சுட்டுக் கொன்றது. 1983 பிப்ரவரியில் மத்தியப் பிரதேசத்தின் பிண்டில், முதலமைச்சர் அர்ஜுன் சிங் முன்னிலையில், காந்தி படத்துக்கும் துர்க்கை படத்துக்கும் முன்னால் துப்பாக்கியை வைத்துச் சரணடைந்தார்.

படம் அந்தச் சரணடைதலோடு நின்றுவிடுகிறது. பூலானின் வாழ்க்கை நிற்கவில்லை. விசாரணையே முடியாமல் பதினொரு வருடம் சிறையில் இருந்தார். 1994ல் வெளியே வந்து, 1996ல் மிர்சாபூர் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்குப் போனார். 2001 ஜூலை 25 அன்று டெல்லியில் தன் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டபோதும் அவர் எம்.பி.தான். படத்தை மட்டும் பார்த்தவர்களுக்கு இந்தப் பாதிப் பூலான் தெரியவே தெரியாது.

இதைக் கலைப்படம் என்று சொல்லலாமா? துப்பாக்கிச் சண்டையெல்லாம் இருக்கிறதே?

சொல்லலாம். பிரிட்டனின் சானல் 4 தொலைக்காட்சி பணம் போட்டது. 1994ல் கான் விழாவின் இயக்குநர்கள் பிரிவில் திரையிடப்பட்டது. நடித்தவர்களில் பெரும்பாலோர் நாடக மேடையிலிருந்து வந்தவர்கள். அந்த நேரத்தில் மனோஜ் பாஜ்பாயை யாருக்கும் தெரியாது. பூலானின் கணவனாக வரும் ஆதித்ய ஸ்ரீவஸ்தவாவை 'சிஐடி' தொடரின் அபிஜித்தாகப் பின்னாளில் வீட்டுக்கு வீடு பார்த்தார்கள். அசோக் மேத்தாவின் ஒளிப்பதிவு, நுஸ்ரத் ஃபதே அலி கானின் இசை. ஆனால் கதை சொல்கிற விதத்தில் வெகுஜனப் படத்தின் வேகம் உண்டு. சண்டைக் காட்சியில் புழுதி பறக்கும், குதிரையும் ஓடும். இந்தக் கலவைதான் படத்தின் பலம், ஆபத்தும் அதுதான். அதைக் கீழே சொல்கிறேன்.

பூலான் தேவியே இந்தப் படத்தை எதிர்த்தாரா? ஏன்?

ஆமாம், எதிர்த்தார். நீதிமன்றத்துக்கே போனார். படத்தைப் பற்றிப் பேசும்போது இதை ஓரமாக வைத்துவிட்டுப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பூலானுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சிறையில் இருந்தபோது தன் கதையை வாயால் சொல்லி மற்றவர்களை எழுத வைத்தார். அந்தக் குறிப்புகளை வைத்து மாலா சென் 1991ல் ஒரு புத்தகம் எழுதினார், படத்தின் திரைக்கதையும் அவருடையதே. ஆனால் தனக்கு நடந்த பாலியல் வன்முறையைப் பற்றி பூலான் விலாவாரியாகச் சொன்னதே இல்லை. கேட்பவர்களிடம் சுற்றி வளைத்து, 'என்னை விளையாட்டுப் பொருளாக்கினார்கள்' என்கிற தொனியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். நம் வீட்டுப் பெண்கள் இப்படிப் பேசுவதைக் கேட்டவர்களுக்கு இது புரியும். வாய்விட்டுச் சொன்னால் அவமானம் தன் மேலேயே திரும்பும் என்று தெரிந்தவர்களின் பேச்சு அது. அவர் சொல்லாமல் விட்ட இடத்தை எல்லாம் படம் காட்சியாக நிரப்பியது.

இரண்டாவது காரணம் சட்டம். பெஹ்மாயில் தான் யாரையும் சுடவில்லை என்பது பூலானின் நிலைப்பாடு. அந்த வழக்கு அப்போது முடியவில்லை. (அது முடியவே 2024 ஆனது, பூலான் இறந்து இருபத்திரண்டு வருடம் கழித்து.) 'இது உண்மைக் கதை' என்ற அறிவிப்போடு தொடங்கும் ஒரு படம் அவரைக் கொலைக்களத்தில் நிறுத்தினால், உயிருக்கே ஆபத்து இருக்கிற ஒரு மனுஷிக்கு அது என்ன செய்யும்?

டெல்லி உயர் நீதிமன்றம் முதலில் திரையிடத் தடை விதித்தது. பிறகு சானல் 4 அவருக்கு 40,000 பவுண்டு கொடுத்து, வழக்கு சமரசத்தில் முடிந்தது. "பணம் வாங்கிக்கொண்டாரே, அப்புறம் என்ன எதிர்ப்பு" என்று சிலர் கேட்பார்கள். பதினொரு வருடம் சிறையில் இருந்துவிட்டு, கையில் ஒன்றும் இல்லாமல் வெளியே வந்தவர் அவர். எதிரே இருந்ததோ ஒரு பெரிய தொலைக்காட்சி நிறுவனம். அந்தச் சமரசத்தைச் சம்மதம் என்று எழுதிக்கொள்ள என்னால் முடியவில்லை.

அருந்ததி ராய் இந்தப் படத்தைக் கடுமையாகத் தாக்கினார் என்கிறார்களே, என்ன சொன்னார்?

1994ல், தன் முதல் நாவல் வருவதற்கு மூன்று வருடம் முன்னால், ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அவர் வாதத்தைச் சுருக்கினால் இரண்டு விஷயம். ஒன்று, உயிரோடு இருக்கும் ஒரு பெண்ணின் பலாத்காரத்தை அவள் அனுமதி இல்லாமல் திரையில் மறுபடி நடத்திக்காட்ட யாருக்கும் உரிமை கிடையாது. இரண்டு, பூலானின் வாழ்க்கையில் நிலத்தகராறு இருந்தது, சொந்தப் பெரியப்பா குடும்பத்தோடு சண்டை இருந்தது, சிறு வயதிலிருந்தே வாயும் வீம்பும் இருந்தது. படம் இதையெல்லாம் ஓரங்கட்டிவிட்டு, பலாத்காரம்தான் அவளைக் கொள்ளைக்காரி ஆக்கியது என்று கதையைச் சுருக்கிவிட்டது.

முதல் வாதத்தில் ராய் பக்கம்தான் நான். இரண்டாவதில் முக்கால் பங்கு. கால் பங்கு ஏன் குறைகிறது என்றால், திரைக்கதையில் இல்லாத அந்த வீம்பு, சீமா பிஸ்வாஸின் உடம்பில் இருக்கிறது.

யார் இந்த சீமா பிஸ்வாஸ்? அதற்கு முன் நடித்திருக்கிறாரா?

அசாமின் நல்பாரியைச் சேர்ந்தவர். டெல்லி தேசிய நாடகப் பள்ளியில் படித்து, அதன் நாடகக் குழுவிலேயே பல வருடம் மேடையில் இருந்தவர். 'கூப்சூரத் பஹூ' என்ற நாடகத்தில் அவரைப் பார்த்துத்தான் சேகர் கபூர் கூப்பிட்டார். இதன் நடிகர் தேர்வைச் செய்தவர் திக்மான்ஷு தூலியா, பின்னாளில் அவரும் இயக்குநர் ஆனார்.

ஒன்றைக் கவனியுங்கள். அசாமில் வளர்ந்தவர், சம்பல் பக்கத்துக் கிராமத்து இந்தியைப் பேசி நடித்திருக்கிறார். திருநெல்வேலிக்காரப் பெண்ணாக நடிக்கிற ஒரு வெளியூர் நடிகை "ஏலே" என்று ஒரு தடவை சொன்னாலே நமக்குத் தெரிந்துவிடும், இது ஒட்ட வைத்ததா ஊறியதா என்று. இந்தியை வசனமாகக் கேட்கும் எனக்கு அந்த வட்டார வழக்கின் நுணுக்கத்தைத் தீர்ப்பு சொல்லும் தகுதி இல்லை. ஆனால் அவர் வாயில் சொற்கள் வசனமாக உட்காரவில்லை, எச்சில் மாதிரி சட்டென்று வந்து விழுகின்றன. படத்தின் ஆரம்பத்திலேயே காமிராவை நேராகப் பார்த்து, ஒரு கெட்ட வார்த்தையோடு சேர்த்துத் தன் பெயரைச் சொல்கிறார். அந்த ஒரு வரியிலேயே ஆள் யார் என்று தெரிந்துவிடுகிறது.

அவர் நடிப்பில் அப்படி என்னதான் இருக்கிறது?

இதைப் பொதுவாகச் சொன்னால் ஒன்றும் நிற்காது. 'உணர்ச்சிகரம்', 'வாழ்ந்திருக்கிறார்' என்கிற சொற்களெல்லாம் யாருக்கும் பொருந்தும். மூன்று இடங்களைச் சொல்கிறேன். படம் பார்த்தவர்கள் ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள்.

முதலாவது, விக்ரம் மல்லாவோடு வரும் காட்சிகள். நிர்மல் பாண்டே விக்ரமாக நடித்திருக்கிறார். கூட்டத்தில் அவளை மனுஷியாகப் பார்க்கிற ஒரே ஆள் அவன். ஆனால் அவன் அன்போடு நெருங்கும்போதும் அவள் உடம்பு முதலில் பின்வாங்குகிறது, கை தானாக ஓங்குகிறது. ஆசை கண்ணில் இருக்கிறது, பயம் தோளில் இருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில், ஒன்றை ஒன்று மறைக்காமல். பல படங்களில் இப்படிப்பட்ட பெண் பாத்திரம் ஒரு நல்லவனைப் பார்த்ததும் மலர்ந்துவிடும், பின்னணியில் புல்லாங்குழல் வரும். இங்கே காயம் ஆறுவதற்குத் தேவையான நேரத்தை சீமா எடுத்துக்கொள்கிறார். கதைக்கு அவசரம் இருந்தாலும் அவருக்கு இல்லை.

இரண்டாவது, கணவனைத் தேடிப் போய் அடிக்கிற இடம். சிறுமியாக இருந்தபோது தன்னைச் சிதைத்தவனை, துப்பாக்கி கைக்கு வந்த பிறகு போய்ப் பிடிக்கிறாள். வழக்கமாக இது கைதட்டல் வாங்குகிற பழிவாங்கும் காட்சி. பார்க்கிற நமக்கும் "போடு" என்றுதான் இருக்கும். ஆனால் அடிக்க அடிக்க அவள் தொண்டையிலிருந்து வருவது வேறு ஒரு சத்தம். குழந்தை ஏங்கி அழும்போது மூச்சு வாங்குமே, அதைப் போல. அடிக்கிறவள் வளர்ந்த பெண், அழுகிறவள் அந்தச் சிறுமி. சிறுமியாக நடித்தவர் வேறு ஒரு குழந்தை. இருவரும் ஒரே ஆள் என்று நாம் முழுசாக நம்புவது இந்த இடத்தில்தான். முகத்தில் ஒப்பனை, உடையில் ஒற்றுமை இதெல்லாம் செய்யாத வேலையை ஒரு அழுகை செய்துவிடுகிறது.

மூன்றாவது, பெஹ்மாயில் அவளை அடைத்து வைத்திருக்கும் அறை. கதவு திறக்கிறது, மூடுகிறது, திறக்கிறது. ஆட்கள் உள்ளே வருகிறார்கள். கதவு முனகும் சத்தம் காதை விட்டுப் போகாது. இங்கே சீமா ஏறக்குறைய எதுவும் செய்வதில்லை. கத்தி முடித்தாயிற்று, போராடி முடித்தாயிற்று. இந்த 'ஒன்றும் செய்யாமல் இருப்பது' நடிகர்களுக்குப் பெரிய சோதனை. காமிரா முகத்தில் இருக்கிறது என்று தெரிந்தால் ஏதாவது ஒன்றைக் காட்டத் தோன்றும். ஒரு துளி கண்ணீர், உதட்டில் ஒரு நடுக்கம். அவர் எதையும் காட்டவில்லை. நம் இரக்கத்தை அவர் கேட்கவில்லை. அந்த மறுப்பில்தான் நான் பூலானைப் பார்க்கிறேன். உண்மையான பூலானும் யாரிடமும் இரக்கம் கேட்டவர் இல்லை.

படம் முழுக்கக் கத்திக்கொண்டும் அழுதுகொண்டும் இருக்கிறாரே, இது மிகை நடிப்பு இல்லையா?

இந்த எண்ணம் எனக்கும் முதல் முறை வந்தது. இரண்டாம் முறை பார்த்தபோது அவர் சத்தத்தை மட்டும் கவனித்தேன். ஒவ்வொரு கத்தலும் வேறு வேறு. ஊர்ப் பஞ்சாயத்தில் கத்துவது நியாயம் கேட்கிற கத்தல், யாராவது கேட்பார்கள் என்ற நம்பிக்கை அதில் இருக்கிறது. கொள்ளைக்காரர்கள் இழுத்துப் போகும்போது வருவது வெறும் பயம். தலைவியான பிறகு வருகிற கத்தலில் ஒரு போலித்தனம் இருக்கிறது, ஆண்கள் கூட்டத்தை ஆட்டிவைக்க ஆண் குரலை இரவல் வாங்கிய மாதிரி. பேசும் ஒலி அளவை வைத்து மிகையா இல்லையா என்று முடிவு செய்யக் கூடாது. நம் தெருக்கூத்தில் திரௌபதி வேடம் கட்டுகிறவர் விடிய விடியக் கத்துவார், அதில் ஒன்றுகூட மிகையாக இருக்காது.

ஒரே ஒரு இடத்தில் எனக்கு நெருடல் உண்டு. பெஹ்மாய்க்குத் திரும்பி வரும் காட்சியில் இசையும் காமிராவும் அவளைக் காவிய நாயகியாக்கிவிடுகின்றன, நடிப்பும் அந்த வேகத்துக்கு ஓடுகிறது. அங்கே மட்டும் ஒரு பெண்ணைப் பார்க்கிறோமா சுவரொட்டியைப் பார்க்கிறோமா என்று தோன்றும்.

கிணற்றடிக் காட்சியில் நடித்தது அவரேதானா?

இல்லை. பூலானை நிர்வாணமாக ஊர் நடுவே நடத்திக் கிணற்றில் தண்ணீர் எடுக்க வைக்கும் காட்சிக்கு வேறு ஒரு பெண்ணைப் பயன்படுத்தினார்கள். சீமாவே இதைச் சொல்லியிருக்கிறார்.

"அப்படியானால் அந்த நடிப்புக்குப் பாராட்டு எப்படி?" என்பது அடுத்து வரும் கேள்வி. எனக்கு அந்தக் கேள்வியே கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது. ஒரு நடிகை எவ்வளவு தூரம் தன் உடம்பைக் கொடுத்தார் என்பதை வைத்தா நடிப்பை அளப்பது? அவர் ஒரு கோடு போட்டார், இயக்குநர் மதித்தார். பூலானுக்குக் கிடைக்காத ஒன்று அது: 'இது முடியாது' என்று சொல்லவும், அதை மற்றவர் கேட்கவும் ஒரு வாய்ப்பு. முகம் தெரியாத அந்தப் பெண்ணைப் பற்றியும் யாராவது பேச வேண்டும். படத்திலேயே மிகக் கடினமான நடை அவருடையது. பாராட்டுகளில் அவர் பெயர் வருவதில்லை.

அந்தக் காட்சி தேவையா? ஆபாசம் இல்லையா?

ஆபாசம் இல்லை. தேவையா என்பது வேறு கேள்வி.

காமிரா எங்கே நிற்கிறது என்று பாருங்கள். கிணற்றடியில் தூரத்தில் நிற்கிறது. அந்தப் பெண்ணோடு சேர்ந்து, பார்த்துக்கொண்டு நிற்கும் ஊரும் திரையில் தெரிகிறது. உடம்பைத் துண்டு துண்டாகக் காட்டவில்லை. பார்த்து ரசிக்கிற மாதிரி எடுக்கப்பட்ட காட்சியில் சுற்றி நிற்கிற ஆட்கள் மறைந்துபோவார்கள். இதில் அவர்கள் மறைவதே இல்லை, சும்மா நிற்கிற அந்த ஆட்களில் ஒருவராக நாமும் ஆகிவிடுகிறோம். ஒரு குட்டைப் பாவாடைப் பாடலில் இடுப்பை நோக்கி ஓடும் காமிராவை யூ சான்றிதழோடு குடும்பமாகப் பார்க்கிறோம். அதைவிட இது எத்தனையோ மடங்கு நேர்மையானது.

ஆனால் உண்மையான ஒரு பெண்ணின் பெயர் அதில் ஒட்டியிருக்கிறது. அவர் வேண்டாம் என்றார். கற்பனைப் பாத்திரமாக இருந்தால் இந்தக் காட்சியை முழு மனதோடு ஆதரித்திருப்பேன். பூலான் தேவி என்ற பெயரோடு வரும்போது, காட்சி எவ்வளவு நேர்மையாக எடுக்கப்பட்டிருந்தாலும், அதை எடுத்திருக்கக் கூடாது என்றுதான் நினைக்கிறேன்.

நீதிமன்றம் என்ன சொன்னது?

பூலானின் வழக்கு முடிந்த பிறகும் வேறு வழக்குகள் வந்தன. 1996 ஜனவரியில் இந்தியத் திரையரங்குகளுக்கு வந்ததுமே, கொள்ளைக் கூட்டத்தில் வரும் பாபு குஜ்ஜர் என்ற பாத்திரம் தன் குஜ்ஜர் சமூகத்தை இழிவுபடுத்துகிறது என்று ஒருவர் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். படத்துக்குக் கொடுத்திருந்த ஏ சான்றிதழை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. விஷயம் உச்ச நீதிமன்றம் போனது. 1996 மே 1 அன்று உச்ச நீதிமன்றம் சான்றிதழை மறுபடி செல்லும் என்றது.

அந்தத் தீர்ப்பு படிக்க வேண்டிய ஒன்று. நிர்வாணம் என்றாலே கீழ்த்தரமான உணர்ச்சியைத் தூண்டும் என்று வைத்துக்கொள்ள முடியாது, கிணற்றடிக் காட்சி பார்ப்பவருக்குள் அருவருப்பையும் அந்தப் பெண் மேல் இரக்கத்தையும்தான் எழுப்புகிறது என்றது. யூதர்களை நிர்வாணமாக விஷவாயு அறைக்கு நடத்திப் போகும் 'ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்' காட்சியை ஒப்பிட்டுத் தணிக்கை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சொன்னது பொருத்தம் என்றும் சொன்னது. வக்கிரம் பிடித்தவர்களைக் காப்பாற்றவோ, தொட்டாற்சிணுங்கிகளைச் சமாதானப்படுத்தவோ தணிக்கை செய்வதில்லை என்பது அதில் வரும் பிரபலமான கருத்து. படங்களுக்கான கருத்துச் சுதந்திர வழக்குகளில் இன்றும் இந்தத் தீர்ப்பை எடுத்துக்காட்டுகிறார்கள்.

ஒரு வருத்தம். ஒரு ஆணின் சமூக கௌரவம் புண்பட்டது என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், தீர்ப்பாகிச் சட்டப் புத்தகத்தில் ஏறியது. ஒரு பெண்ணின் அந்தரங்கம் பறிபோனது என்ற வழக்கு இறுதித் தீர்ப்பு வராமலே சமரசமாகக் கரைந்தது.

சாதியைப் பற்றிப் படம் சரியாகப் பேசுகிறதா?

பாதி. தாக்கூர் கிணறு, தாக்கூர் தெரு, தாக்கூர் பஞ்சாயத்து எல்லாம் வருகின்றன. யார் எங்கே உட்காரலாம், யார் யாரைப் பார்த்துப் பேசலாம் என்பதெல்லாம் துல்லியம். ஆனால் பூலானின் கோபம் படத்தில் தனிப்பட்ட பழியாகவே முடிகிறது. பின்னாளில் ஒடுக்கப்பட்ட மக்கள் அவரைத் தங்கள் ஆளாகப் பார்த்து ஓட்டுப் போட்டார்களே, அதற்கான விதை படத்தில் தேடினாலும் கிடைக்காது.

படம் தவறு, நடிப்பு அபாரம் என்று பிரித்துச் சொல்ல முடியுமா? நடிப்பும் அந்தத் தவறின் பங்குதானே?

எங்கள் பேச்சுகளில் கடைசியில் வந்து நிற்கும் கேள்வி இது. ஒரு நண்பர் சொன்னார்: "நடிப்பு மோசமாக இருந்திருந்தால் இந்தப் படம் யாரையும் காயப்படுத்தியிருக்காது. சீமா அவ்வளவு உண்மையாக நடித்ததால்தான் எல்லோரும் அதையே பூலான் என்று நம்பிவிட்டார்கள்." அதற்கு என்னிடம் ரொம்ப நாள் பதில் இல்லை. இன்றும் முழுப் பதில் இல்லை. இன்டர்நெட்டில் பூலான் தேவி என்று தேடினால் பல இடங்களில் சீமாவின் முகம்தான் வருகிறது. உண்மையான பூலானின் முகத்தின் மேல் இன்னொரு முகம் ஒட்டிக்கொண்டுவிட்டது.

இருந்தாலும் நான் பிரித்தே பார்க்கிறேன். திரைக்கதை பூலானுக்கு என்னென்ன நடந்தது என்று அடுக்கிக்கொண்டே போகிறது. அவள் மேல் வந்து விழுந்தவற்றின் பட்டியல் அது. சீமா மட்டும், அந்தந்த நேரத்தில் அவள் என்ன நினைத்தாள், எதைக் கணக்குப் போட்டாள், எதை விழுங்கினாள் என்பதைக் கண்ணில் வைத்துக்கொண்டே இருக்கிறார். அடி வாங்கும்போதுகூட எதிரில் நிற்பவனின் முகத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்கிற மாதிரி ஒரு பார்வை அவரிடம் உண்டு. படம் பூலானைப் பாதிக்கப்பட்டவளாக்கிய இடங்களில் எல்லாம், நடிகை அவளை ஆளாகவே வைத்திருந்தார். அதனால் எனக்குப் படத்தின் மேல் வழக்கு உண்டு, அவர் மேல் கிடையாது. நண்பர் இதை ஏற்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

விருதுகள் ஏதாவது?

43வது தேசிய விருதுகளில் சிறந்த நடிகை விருது சீமாவுக்கு. சிறந்த இந்திப் படத்துக்கான விருதும் கிடைத்தது. ஃபிலிம்ஃபேர் அவருக்குச் சிறந்த அறிமுக நடிகை விருது கொடுத்தது, அதற்குள் மேடையில் எத்தனையோ வருடம் நடித்து முடித்திருந்தவருக்கு. ஆஸ்கருக்கு இந்தியாவின் சார்பில் அனுப்பப்பட்டது, பரிந்துரைப் பட்டியலில் வரவில்லை.

பார்க்கலாமா? யாரோடு பார்ப்பது?

பெரியவர்கள் பார்க்கலாம். பாலியல் வன்முறையை அனுபவித்தவர்கள், அந்த நினைவு இன்னும் உறுத்துகிறவர்கள் தவிர்த்துவிடலாம், அதில் ஒரு குறையும் இல்லை. சிறுமியாக இருக்கும் பகுதி கூட மிகக் கனமானது. நண்பர்கள் கூட்டமாக உட்கார்ந்து பேசிச் சிரித்துக்கொண்டே பார்க்கிற படம் கிடையாது. நம்பிக்கையான ஒருவரோடு பாருங்கள், முடிந்ததும் பேசுவதற்கு ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

படத்தோடு பூலானின் சொந்த வாக்குமூலத்தையும் தேடிப் படியுங்கள். 1996ல் தன் வாழ்க்கைக் கதையை அவரே சொல்லி, அது புத்தகமாக வந்திருக்கிறது. முதலில் புத்தகம், பிறகு படம் என்ற வரிசை இன்னும் நல்லது. அப்போது திரையில் எது விட்டுப்போயிருக்கிறது என்று நீங்களே பிடித்துவிடுவீர்கள்.

சீமா பிஸ்வாஸை வேறு எங்கே பார்க்கலாம்?

நம்மில் பலர் அவரை ஏற்கெனவே பார்த்திருக்கிறோம், பெயர் தெரியாமல். எஸ்.பி. ஜனநாதனின் 'இயற்கை' (2003) படத்தில் இருக்கிறார். சஞ்சய் லீலா பன்சாலியின் முதல் படமான 'காமோஷி'யில் (1996) காது கேளாத, வாய் பேசாத அம்மா. 'பேண்டிட் குயின்' முழுக்கத் தொண்டை கிழியக் கத்தியவர், அடுத்ததாக ஒரு வார்த்தைகூடப் பேசாத வேடத்தை எடுத்துக்கொண்டார். தீபா மேத்தாவின் 'வாட்டர்' (2005) படத்தில் காசி விதவை இல்லத்தில் வாழும் சகுந்தலா, கனடாவின் ஜீனி விருது இதற்குக் கிடைத்தது. அதன் கடைசியில் ஒரு சிறுமியைத் தூக்கிக்கொண்டு ரயில் நிலையத்தில் ஓடுவார். ரயில் நகர்ந்துவிடும், அவர் கையை நீட்டிக்கொண்டே ஓடுவார், குழந்தையை உள்ளே இருப்பவரிடம் கொடுத்துவிட்டு நிற்பார். ரயில் போன பிறகு திரும்பி நம்மைப் பார்க்கும் அந்த முகத்தை, 'பேண்டிட் குயின்' ஆரம்பத்தில் நம்மைப் பார்த்த முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.